நிலவறைச் சங்கம்

கணினிப் பதிவுகளைக் காக்கும் கிளவுட் கம்பெனிகளை நாட்டில் நடத்துகிற பத்துப் பேரை நைரோபியில் சேர்த்துச் சங்கம் வைப்பது தவளையைத் தராசில் நிறுக்கிற வேலை. வங்கெசி அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

நாட்டு ஆஸ்பத்திரிகளின் பதிவுகளை யார் வைத்துக் காப்பது என்று அமைச்சகம் முடிவு செய்யப்போகிறது. "தனித்தனியா வந்தா பேச மாட்டேன். சாயங்காலத்துக்குள்ள பத்துப் பேர் கையெழுத்தோட சங்கமா வாங்க. இல்லேன்னா வெளிநாட்டுக் கம்பெனிக்குத்தான்" என்று அதிகாரி கெரூபோ அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்படிப் போனால், மூன்று பிரசவ ஆஸ்பத்திரிகளை நம்பி ஓடும் வங்கெசியின் கம்பெனிக்குப் பூட்டுதான்.

விடாத மழை. காலையிலிருந்து நகரத்தில் பாதிக்குக் கரண்ட் இல்லை. பத்துப் பேரும் கூடியிருந்த ஓட்டலில் மண்டாசிப் பணியாரத் தட்டு காலியானது, தேநீர்ப் பானையும் காலியானது, தலைவர் யார் என்ற பேச்சு மட்டும் நகரவில்லை.

"பெரியவன் எவனோ அவன்தான் தலைவர், தங்கச்சி" என்றார் கிசுமு நகரத்துக்காரர் ஊக்கோ. "என் சர்வர்ல எள்ளு விழ இடமில்ல. உன்கிட்ட என்ன இருக்கு, ரெண்டு பெட்டி!"

"ரெண்டானாலும் ஓடுது அண்ணே. கரண்ட் போனா தாங்குற, பதிவுகளோட ரெண்டாம் பிரதிய நீங்க எங்க வெச்சிருக்கீங்க? அதையாவது சொல்லுங்களேன்."

"அது தொழில் ரகசியம்!"

எல்லோரும் தலையாட்டினார்கள். இந்தத் தொழிலில் பெண்டாட்டியின் வயதைக்கூடச் சொல்லிவிடுவார்கள், இரண்டாம் பிரதி இருக்கும் இடத்தைச் சொல்லமாட்டார்கள்.

ஊக்கோவின் போன் அடித்தது. "வீட்டுல கூப்பிடுறா" என்று எழுந்து போனார். அடுத்து எதிரே இருந்த இளைஞன் கிப்லிமோ: "மாமியாருக்கு உடம்பு சரியில்ல." இன்னொருவருக்குத் திடீர்ப் பல்வலி. இப்படி ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கடைசியாக வங்கெசியின் போன். தொழிற்பேட்டையில் தன் இரண்டாம் பிரதியை வைக்க அவள் வாடகைக்கு எடுத்திருந்த நிலவறையில் வெள்ளம் ஏறுகிறதாம். கரண்ட் போனதிலிருந்து அவள் ஆஸ்பத்திரிகள் மூன்றும் அங்கிருந்துதான் ஓடிக்கொண்டிருந்தன. வெட்கக்கேடு, அவளும் "காரை நகர்த்தணும்" என்று புளுகிவிட்டு ஓடினாள்.

நிலவறை வாசலில் பார்த்தால் மற்ற ஒன்பது பேரும் நிற்கிறார்கள்! ஊக்கோ பேண்ட்டைச் சுருட்டிவிட்டிருந்தார்.

"மாமியாருக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள் வங்கெசி.

"முங்கிக்கிட்டு இருக்காங்க" என்றான் கிப்லிமோ.

கட்டடச் சொந்தக்காரன் ஒவ்வொருவரிடமும் "உங்களுக்கு மட்டும்தான்" என்று சொல்லி வாடகைக்கு விட்டிருந்தான். நாடு முழுவதற்குமான பாதுகாப்பும் ஒரே குழிக்குள்! அவனைத் திட்ட வாயெடுத்தார்கள். தண்ணீர் அதற்குள் கணுக்காலைத் தாண்டியது.

"நின்னு பேசாதீங்கய்யா! உன் பெட்டி என் பெட்டின்னு பாக்காம மேல் தட்டுக்குத் தூக்குங்க!" வங்கெசி முதல் பெட்டியைத் தூக்கினாள். "அங்க பிரசவ வலியில படுத்திருக்குறவளுக்கு என்ன ரத்தம்னு இதுலதான் இருக்கு. இத எங்கயாவது மாத்தியே ஆகணும். யார்கிட்ட இடம் இருக்கு?"

ஊக்கோ தொண்டையைச் செருமினார்.

"கிசுமுல... என்கிட்ட பாதிக்கு மேல காலியாத்தான் கெடக்கு."

"எள்ளு விழ இடமில்லேன்னீங்களே!"

"வாய்ச்சவடால்மா. விடு. உன்னோடத முதல்ல அனுப்பு."

படிக்கட்டிலேயே மடிக்கணினிகளைத் திறந்து உட்கார்ந்தார்கள். முதலில் வங்கெசியின் ஆஸ்பத்திரிகள், பிறகு மற்றவை. ஒருவன் பதிவை இன்னொருவன் அனுப்பினான். மேலே ஜெனரேட்டர் இருமி இருமி ஓடியது. கடைசிப் பதிவு கிசுமு போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் மேல் தட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது.

வங்கெசி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"என்ன ஆச்சா? ஒண்ணும் ஆகலையே" என்றாள் நர்ஸ். "கொஞ்சம் மெதுவா ஓடுச்சு, அவ்வளவுதான். இப்பதான் ஒரு பொண்ணு பொறந்துச்சு, பதிஞ்சுட்டோம்."

வங்கெசி படியில் உட்கார்ந்து அழுதாள். அத்தனை சந்தோஷம். ஊக்கோ அவள் தோளைத் தட்டிவிட்டுத் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

கையெழுத்து வாங்க இங்கேயே வரச்சொல்லி வங்கெசி அதிகாரிக்குப் போனில் வழி சொன்னாள். கெரூபோ அம்மா குடையோடு வந்து சேர்ந்தபோது இன்னும் இருட்டவில்லை. காகிதம் வைக்க உலர்ந்த இடமில்லை. ஊக்கோ குனிந்து கோட்டு முதுகைக் கொடுத்தார். பத்துக் கையெழுத்தும் அங்கேயே விழுந்தன.

"தலைவர் யாரு?"

"வங்கெசின்னு எழுதுங்கம்மா" என்றார் ஊக்கோ, குனிந்தபடியே.

"சங்கத்தோட ஆபீஸ் எங்க?"

காலையிலிருந்து எதிலும் ஒத்துப்போகாத பத்துப் பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்:

"மாடியில!"