ஒன்று புள்ளி மூன்று வோல்ட்

...புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம்தான், நேற்றுகூட அக்கா அதைத்தான் சொன்னாள், எவனோ எட்டு வருஷம் போட்டு உருட்டின சாமானுக்காக லீவு நாளில் இரண்டு பஸ் மாறி அலைவானேன் என்று. அவள் சொல்வதில் தப்பே இல்லை. இன்றைக்கு வருகிற கம்ப்யூட்டர் ப்ராசசர்களில் ஆகக் கடைசித் தரத்தில் இருப்பதே இந்தப் பழையதை ஓரங்கட்டிவிடும், கரண்டும் பாதிதான் குடிக்கும். ஆனால் புதியவை எல்லாம் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே மூச்சு முட்ட ஓடுகின்றன, கம்பெனிக்காரனே கடைசிச் சொட்டுவரை பிழிந்துதான் அனுப்புகிறான், நம் கைக்கென்று எதையும் மிச்சம் வைப்பதில்லை. பழையதில் கொஞ்சம் இடம் இருக்கும், விதித்த வேகத்துக்கு மேலே ஒரு படி, அதற்கும் மேலே ஒரு படி, வோல்ட்டை மயிரிழை கூட்டிவிட்டு ஃபேன் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருக்கலாம்... ஓவர்க்ளாக் என்றால் இதுதான் என்று விளக்கியபோது, "ஓடுற வண்டிய எதுக்குடி இன்னும் முடுக்கணும்?" என்றாள் அக்கா. எதற்கு? கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்க்கிறவளுக்குக் கால் பவர் வித்தியாசம் விரலிலேயே தெரியும், அந்தக் கை சனிக்கிழமையும் சும்மா இருக்காது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்போது விற்கிறவர் வீட்டு மூன்றாவது மாடிப் படியில், மூச்சு வாங்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போதுதான் அது தோன்றுகிறது.

கதவைத் திறந்தவர் இவள் நினைத்ததைவிடக் குள்ளம். ஆறு வருஷமாகப் பழகிய ஒருவரை எதை வைத்து உயரமானவர் என்று முடிவு கட்டியிருந்தாள்? பெயரை வைத்துத்தான் இருக்க வேண்டும். இணையத்தில் அவர்களுடைய ஓவர்க்ளாக் குழுவில் அவர் பெயர் கொதிகலன், இவள் பெயர் ஆந்தை. சேர்ந்த முதல் நாளே இவளை யாரோ அண்ணே என்று கூப்பிட்டார்கள், திருத்துவானேன் என்று விட்டுவிட்டாள், அப்படியே போய்க்கொண்டிருக்கிறது. கொதிகலன் மட்டும் "ஆந்தையாரே" என்பார், அதில் ஆணுமில்லை பெண்ணுமில்லை, மரியாதை மட்டும்தான். மனைவி தவறிப்போனது, மகள் கைக்குழந்தையோடு திரும்பி வந்தது, அவளுக்காக இந்த அறையைக் காலி செய்வது, எல்லாவற்றையும் அவர் ஆந்தையிடம் சொல்லியிருக்கிறார். குழுவில் விற்பனைக்கு என்று விளம்பரம் போட்டபோது ஆந்தையாக ஒரு வரி எழுதியிருக்கலாம். இவளோ அதிலிருந்த நம்பருக்குப் போன் செய்து, விளம்பரம் பார்த்தேன் சார் என்றாள். ஏன் என்று பஸ்ஸில் யோசித்துப் பார்த்தாள், பிடிபடவில்லை.

"வாங்கம்மா. வீட்டுக்காரர் வரலியா?"

அப்படி ஒருவர் இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? "அவருக்கு வேலை சார், என்னைப் பாத்துட்டு வரச் சொன்னாரு," என்றாள். எண்ணெய் போட்ட கீல் மாதிரி வந்தது வார்த்தை. இல்லாத மனிதருக்கு ஒரு வேலையும் கொடுத்தாயிற்று.

அறையில் பாதி ஏற்கனவே குழந்தைக்குப் போய்விட்டிருந்தது. கம்ப்யூட்டர் மேசை சுவரோடு தள்ளப்பட்டு, அதன்மேல் துவைத்து மடித்த துணிக்குவியல், கீழே பிரிக்காத அட்டைப்பெட்டியில் தொட்டில். மூடியைக் கழற்றிய கேபினட்டுக்குள் தூசி இல்லை, ஒயர்கள் வகிடெடுத்த மாதிரி ஒதுங்கியிருந்தன, ஃபேன் ஒரே சுருதியில் சுற்றியது. அவர் எழுதுவதும் இப்படித்தான், ஒழுங்காக, ஆனால் நடுவில் எங்கேயாவது ஒரு கிறுக்குத்தனம் இருக்கும்...

"உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்கம்மா, ஒண்ணு புள்ளி மூணு வோல்ட்டுக்கு மேல இதுக்கு ஒரு நாளும் குடுத்ததில்ல. அந்த நம்பரைச் சொன்னா அவருக்குப் புரியும்."

புரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன் வந்த கோடையில், ஒன்றரை வோல்ட்டுக்கு ஒரு நூல் குறைவாகக் கொடுத்து, ஒரு மாதம் இதே ப்ராசசர் சில்லை விரட்டோ விரட்டென்று விரட்டி, குழுவிலேயே அதிக வேகம் தன்னுடையது என்று படம் போட்டவர் இவர். இது பேராசை, உள்ளுக்குள் வெந்துபோகும், ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் கையை விரிக்கும் என்று ஆந்தை எழுதினாள். "வெந்தா வேகட்டும், என் சோறுதானே ஆந்தையாரே," என்று பதில் வந்தது, குழுவே சிரித்தது. அந்த மனிதர்தான் இப்போது கண்ணைப் பார்த்து ஒன்று புள்ளி மூன்று என்கிறார். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. லென்ஸில் கீறலைப் பார்க்கும்போது வருகிற ஒரு கவனம்தான் வந்தது, எத்தனை ஆழம், தேய்த்தால் போகுமா...

"அவரு ஒண்ணு எழுதிக் குடுத்தாரு சார்," என்று, எதுவும் எழுதாத பஸ் டிக்கெட்டைப் பார்த்துப் படித்தாள். "வேகத்த நாலு புள்ளி எட்டு கிகாஹெர்ட்ஸ்ல வச்சு, அதே ஒண்ணு புள்ளி மூணு வோல்ட் குடுத்து, பத்து நிமிஷம் முழுப் பாரத்துல ஓட்டிக் காட்டச் சொன்னாரு." அவர் ஒரு கணம் தயங்கி, பிறகு விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். வாங்கிய புதிதில் இதே சில்லு அந்த வேகத்தில் தூக்கத்திலேயே ஓடியது, அந்தப் பழைய படமும் குழுவில் இருக்கிறது. முதல் நிமிஷம், இரண்டாவது. சூடு எழுபத்திரண்டு டிகிரியைத் தாண்டவில்லை. இருவரும் திரையைப் பார்த்தபடி நின்றார்கள், ஆஸ்பத்திரியில் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற சொந்தக்காரர்கள் மாதிரி. நாலாவது நிமிஷம் திரை நீலமாகி உறைந்தது.

"மெமரி கோளாறும்மா. ப்ராசசர்ல ஒண்ணும் இல்ல."

மெமரியின் வேகத்தை யாரும் தொடவில்லை, சூடும் ஏறவில்லை, அப்படியும் விழுகிறதென்றால் அது சில்லின் களைப்பு, அவருக்கும் அது தெரியும். அவர் கழுத்து லேசாக வியர்த்திருந்தது. தண்ணீர் கொண்டுவந்த மகள், "வாங்கிட்டே போயிடுங்கக்கா, குழந்தையோட ஹால்லதான் படுத்திருக்கேன்," என்றாள், வேண்டுகிற குரல்கூட இல்லை, மழை வருமா என்று கேட்கிற மாதிரி. வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொண்டால் இன்னும் மூன்று நாலு வருஷம் உழைக்கும், பாதி விலைக்குத் தகும், ஆனால் பாதி விலை கேட்க வேண்டுமென்றால் உண்மை தெரியும் என்று சொல்ல வேண்டும், தெரியும் என்றால் எப்படித் தெரியும் என்று... "அவருகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் சார்." தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. வேண்டாம் என்று ஒரு நிறுத்தத்திலும் வாங்கலாம் என்று அடுத்ததிலும் தோன்றியது, குறைந்த வேகத்தில் ஓட்டுவதற்கு எதற்கு ஓவர்க்ளாக் செய்யும் சில்லு, அதற்கு அக்கா சொன்ன புதியதே போதுமே, ஆனாலும் அதன் எல்லை எது என்று தெரிந்துகொண்டு அதற்கு ஒரு நூல் கீழே நிறுத்துவதும் ஒரு வேலைதானே, சொல்லப்போனால் அதுதான் கஷ்டமான வேலை... போன் அதிர்ந்தது. குழுவில் ஆந்தைக்குத் தனிச் செய்தி.

"ஆந்தையாரே, இருக்கீங்களா? சில்லப் பாக்க ஒரு பொண்ணு வந்துச்சு, புருஷனுக்காக. ஒண்ணு மூணுக்கு மேல குடுக்கலன்னு மூஞ்சிக்கு நேரா பொய் சொல்லிட்டேன். பாவம், ஒண்ணும் தெரியாம தலையாட்டிட்டுப் போச்சு. மனசு கேக்கல. கூப்பிட்டு உண்மையச் சொல்லிடட்டுமா, அப்படியே விட்டுடட்டுமா?"

ஒண்ணும் தெரியாமல். அந்த இடத்தை இரண்டு தடவை படித்தாள். சிரிப்பு வர வேண்டிய இடம், உதடுவரை வந்து நின்றுவிட்டது. அவர் ஒரு பொய் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம்கூடத் தாங்காமல் ஓடி வந்திருக்கிறார், அதுவும் யாரிடம்... இவள் ஆறு வருஷமாகத் தாங்கிக்கொண்டிருக்கிறாள், பாரமாக ஒன்றும் இருந்ததில்லை, பொய் என்றே தோன்றியதில்லை, இன்று அந்த இல்லாத வீட்டுக்காரரைச் சொல்லும்வரை. "சொல்லிடுங்க," என்று தட்டினாள். யோசித்து, "பாதி விலைக்குக் குடுங்க," என்று சேர்த்தாள், சேர்த்ததை அழித்தாள், முதலில் எழுதியதை மட்டும் அனுப்பினாள்.

இரண்டு நிறுத்தம் போவதற்குள் போன் அடித்தது. அவருடைய நம்பர். ஆச்சரியப்படுவதற்கு ஒரு குரல் வேண்டும், அட அப்படியா சார் என்று இழுக்க வேண்டும், பிறகு வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும், அவர் என்ன சொல்வார்... ஐந்தாவது மணியில் எடுத்தாள். "சொல்லுங்க," என்றாள். சார் என்பது வரவில்லை. மறுமுனையில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார், பின்னால் குழந்தை அழுதது, அந்தச் சின்ன இடைவெளியில்தான் அவளுக்குத் தெரிந்தது, சில்லைப் பற்றி அவர் என்ன சொல்லப்போகிறார் என்று தான் காத்திருக்கவில்லை, தன்னை அம்மா என்பாரா ஆந்தையாரே என்பாரா என்றுதான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அம்மா என்று வந்தால் நிம்மதியா, ஏமாற்றமா...