டீசலில் ஓடிய பள்ளிக்கூடம்

தேர்தல் நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு கட்சிகளின் துண்டறிக்கைகளையும் தம்பி என் கையில் திணித்தான்.

"படிண்ணே. இப்பதான் உனக்கு எழுத்து வருதே."

நாற்பது வயதுக்கு மேல் வந்த எழுத்து அது. என் மகளுக்குக் காது கேட்காது. அவள் படிக்கும் பள்ளியில் சனிக்கிழமைதோறும் பெற்றோருக்கும் வகுப்பு உண்டு. பிள்ளையோடு எழுதிப் பேசப் பழகுங்கள் என்று என்னையும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளவும், தொண்டையிலிருந்து சொல்லை எடுக்கவும் அவள் அங்கேதான் பழகினாள். முதலில் வந்த சொல் அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. 'லாரி'. அன்றைக்குத் தம்பி ஹாரனை அடித்துக்கொண்டே தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவளை மைனா என்று கூப்பிட ஆரம்பித்ததும் அன்றுதான்.

லாரி அவனுடையது. அவன் ஓட்டுவான், நான் மூட்டை ஏற்றி இறக்குவேன். இரண்டு வீடும் அதில்தான் ஓடுகிறது.

எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒரு கட்சி டீசல் வரியைப் பாதியாகக் குறைக்கும். அதனால் விழும் துண்டைச் சமாளிக்க, சின்ன ஊர்களில் உள்ள சிறப்புப் பள்ளிகளை மூடித் தலைநகரில் விடுதியோடு ஒரே பள்ளியாக்கும். இன்னொரு கட்சி வரியையும் தொடாது, பள்ளியையும் தொடாது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் என் மனைவி, வெங்காயம் உரித்தபடி.

"நீங்க யோசிக்காம பேசுவீங்க அண்ணி. அதான் எனக்குப் பயம்."

"உங்க வண்டி குடிக்கிற மாதிரி எங்கப்பாகூடக் குடிச்சதில்ல கொழுந்தனாரே. அதுக்காக எம் பிள்ளையை ஊரைவிட்டு அனுப்பணுமா?"

தம்பி சிரிக்கவில்லை. எழுந்து என்னை வாசலுக்குக் கூட்டிப்போனான். மைனா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கையை வெளியே நீட்டிப் பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் பட வேண்டாமென்று தம்பி பின்சக்கரத்தருகே போய் நின்றான்.

"இன்னும் கொஞ்ச நாள் இந்த விலையில டீசல் போட்டா வண்டியை வித்துடணும்ணே. அப்புறம் நீ யார் மூட்டையைத் தூக்குவ? மைனா விடுதியில தங்கிப் படிக்கட்டும். நானே கொண்டுபோய் விடுறேன்."

அவன் பொய் சொல்லவில்லை. லாபமில்லை என்று வண்டி வாசலிலேயே நின்ற நாட்களை நானும் பார்த்தவன். ஆனாலும் எனக்குள் வேறு கணக்கு ஓடியது. பம்பில் நாங்கள் கட்டிய வரியில் ஒரு சொட்டாவது அவளுடைய டீச்சர் சம்பளத்துக்குப் போயிருக்கும். 'லாரி' என்ற அந்தச் சொல்லே எங்கள் டாங்கிலிருந்து வந்ததுதான்.

"என்னண்ணே, நான் சொல்றது தப்பா?"

"அவ இல்லாத வீட்டுக்குக் கூலியைக் கொண்டுபோய் என்னடா செய்ய?"

"வண்டியே இல்லைன்னா?"

முன்கதவு திறந்தது. மைனா துணியோடு இறங்கி வந்து அவன் எதிரே நின்றாள். ஒவ்வொரு சொல்லாக இழுத்துக் கேட்டாள்.

"சித்தப்பா, அங்க ராத்திரி லைட்டை அணைச்சிடுவாங்களா?"

எங்கள் வீட்டில் அவள் தூங்கும்வரை விளக்கை அணைப்பதில்லை. இருட்டினால் அவளுக்கு யார் பேச்சும் கிடையாது.

"உனக்கு யாரு சொன்னா?"

அவள் கண்ணாடியைக் காட்டினாள். பின்னால் வருவதைப் பார்க்க அவன் தினமும் திருப்பி வைக்கும் கண்ணாடி.

"அணைக்க மாட்டாங்கடா தங்கம்" என்றான் தம்பி. தலை குனிந்தபடியே சொன்னான். குனிந்த முகத்தில் அவளால் எதையும் படிக்க முடியவில்லை.

ஓட்டுப் போட நானும் மனைவியும் தம்பியும் அதே லாரியில் போனோம். யார் யாருக்குப் போட்டோம் என்று இன்றுவரை ஒருவரையொருவர் கேட்டதில்லை. வரி குறைந்தது. வண்டி ஓடுகிறது.

தலைநகருக்குப் பாரம் கிடைத்தால் விடுதிக்கு எதிரே நிறுத்துவோம். போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும், உள்ளே விட மாட்டார்கள். மாடிச் சன்னலில் மைனா வந்து நிற்பாள். தம்பி வண்டிக்குள் விளக்கைப் போட்டு, முகத்தை அதன் கீழே வைத்துக்கொண்டு பேசுவான். சாப்பிட்டியா, அம்மா உனக்குச் சட்டை தைக்கிறா, கண்ணாடியை இப்ப நான்தான் துடைக்கிறேன். அவ்வளவு தூரத்துக்கு உதடு தெரியாது. அது அவனுக்கும் தெரியும். மேலே விளக்கு அணையும்வரை பேசுவான்.