கிளிக்கம்மாவின் குரல்

பல்கலைக்கழகத்தில் கிளிக்கம்மா என்றால்தான் அவளைத் தெரியும். அங்கே கணினிப் பாதுகாப்புப் பயிற்சி அவள் பொறுப்பு. "உங்கள் சம்பளச் சீட்டைப் பார்க்க இங்கே அழுத்தவும்" என்பதுபோல் பொய் மின்னஞ்சல்களை அவளே தயாரித்து, பேராசிரியர் முதல் காவலாளி வரை எல்லோருக்கும் அனுப்பிவைப்பாள். யோசிக்காமல் கிளிக் செய்தவர் மாட்டிக்கொள்வார். மாட்டியவர்களின் பெயர்கள் மாதக் கூட்டத்தில் பெரிய திரையில் வரும். அந்த யோசனையும் அவளுடையதுதான். ஒரு தடவை மானம் போனால் அடுத்த தடவை கை தானாகத் தயங்கும் என்பது அவள் கட்சி.

ஒரு கூட்டத்தில் அவளுடைய சொந்த அக்காவின் பெயரே திரையில் வந்தது. அக்காவுக்கு வேலை அதே வளாகத்தில், தேர்வுப் பிரிவில். வினாத்தாள்களைப் பூட்டிவைத்திருக்கும் கணினிக்குள் நுழையும் அனுமதி அக்காவுக்கு உண்டு. அப்படிப்பட்ட ஆளே ஏமாந்துபோனதில் அரங்கம் சிரித்தது. யாரோ பின்வரிசையிலிருந்து "வீட்டுலயே பயிற்சி பத்தலையா?" என்று கேட்க, கிளிக்கம்மாவும் சேர்ந்து சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து பேச்சும் நின்றது. உணவகத்தில் எதிர்ப்பட்டால் அக்கா தட்டோடு வேறு மேசைக்குப் போய்விடுவாள். கிளிக்கம்மாவும் தானாகப் போய்ப் பேச வீம்பு இடம்கொடாமல், ஆறட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் மாடிப்படியில் அக்கா எதிரே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. ஈரக் குடையை மடக்கிக்கொண்டே, நனைந்துவிட்டாயா, ஜலதோஷம் தேவலையா என்றெல்லாம் விசாரித்தாள். இடையில் மனக்கசப்பு என்று ஒன்று இருந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஜலதோஷம் பிடித்தது அக்காவுக்கு எப்படித் தெரியும் என்று கிளிக்கம்மா யோசித்தாள். யாராவது சொல்லியிருப்பார்கள். வலிய வந்த சமாதானத்தைத் தோண்டித் துருவுவானேன் என்று விட்டுவிட்டாள்.

இரண்டொரு நாள் கழித்து அக்கா மறுபடி அவள் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டு, கழுத்தின் ஒரு பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"ரிசல்ட் வந்துடுச்சுடி. பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்லையாம். நீ அன்னிக்கு அழுது, போய்க் காட்டுன்னு சொல்லலைன்னா நான் போயிருக்கவே மாட்டேன்."

கழுத்தில் கட்டி இருந்ததே கிளிக்கம்மாவுக்குத் தெரியாது. அவள் அழவும் இல்லை, எதுவும் சொல்லவும் இல்லை.

"நான் எப்பக்கா சொன்னேன்?"

அக்கா விளையாட்டாக எடுத்துக்கொண்டாள். தினம் மத்தியானம் சாப்பிட்டதும் அழைக்கிறாயே, நேற்றுக்கூட நெடுநேரம் பேசினோமே என்றாள். தங்கையின் முகம் போன போக்கைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. போனை எடுத்துக் காட்டினாள். கிளிக்கம்மாவுக்குத் தெரியாத ஒரு எண்ணிலிருந்து வரிசையாக அழைப்புகள். அலுவலகத்தில் புது எண் கொடுத்திருக்கிறார்கள் என்று அந்தக் குரல் சொல்லியிருந்ததாம்.

கிளிக்கம்மா ஒவ்வொன்றாகக் கேட்டாள். முதல் நாள் அந்தக் குரல் பேசியதே இரண்டு வார்த்தைதான்: "அக்கா, கோவமா?" அதற்கு மேல் அது வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. திரையில் பெயர் வந்ததையும், அன்று வீட்டுக்குப் போய் அழுததையும் அக்காவே கொட்டித் தீர்த்தாள். மறுநாள் அது மன்னிப்புக் கேட்டது. தான் செய்தது தப்பு என்று விம்மியது. அடுத்தடுத்த நாட்களில் முதல் நாள் கேட்டதை மறக்காமல் விசாரித்தது. அக்கா கழுத்துக் கட்டியைச் சொன்னாள். வெளியூரில் படிக்கும் மகள் சரியாகப் பேசுவதில்லை என்ற குறையைச் சொன்னாள். குரல் எல்லாவற்றுக்கும் காது கொடுத்தது. நடுநடுவே இருமி, ஜலதோஷம் என்றும் சொல்லிக்கொண்டது. கிளிக்கம்மாவுக்கும் அந்த வாரம் ஜலதோஷம் பிடித்தது தற்செயல்தான். ஆனாலும் அதைக் கேட்டபோது அவள் தன் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

தன் குரல் எங்கிருந்து திருடு போனது என்று அவள் மூளையைக் கசக்க வேண்டியிருக்கவில்லை. பயிற்சிக்காக அவள் பேசிப் பதிவுசெய்த நீண்ட வீடியோக்கள் பல்கலைக்கழக இணையப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கும்படி கிடந்தன. குரலைப் போலியாகச் செய்ய அதில் கால்வாசியே தாராளம். மோசடிக்காரர்களிடம் ஏமாறாமல் இருப்பது எப்படி என்று அவள் பொறுமையாக விளக்கிய அதே குரல்.

அன்று மத்தியானம் இருவரும் தேர்வுப் பிரிவில் அக்காவின் அறையில் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். போன் மேசைமேல் இருந்தது. வழக்கமான நேரத்துக்கு அது அதிர்ந்தது. அக்கா ஒலிபெருக்கியில் போட்டாள்.

"சாப்பிட்டியாக்கா?"

கிளிக்கம்மாவின் குரலேதான். வாக்கியத்தின் முடிவில் லேசாகத் தணியும் அந்த இழுப்புகூட அப்படியே இருந்தது. ஆனால் அதில் ஒரு கனிவு இருந்தது. அக்காவிடம் தான் அந்த மாதிரி கடைசியாகப் பேசியது எப்போது என்று நினைத்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

அக்கா சாப்பிட்டேன் என்றாள்.

"ஏன் ஸ்பீக்கர்ல போட்டிருக்க? பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"இல்லடி. கை ஈரம்."

"சரி. ஒரு சின்ன உதவி பண்ணுக்கா. உன் போனுக்கு இப்ப ஒரு நம்பர் வரும். அதை மட்டும் படிச்சுச் சொல்லு."

சொல்லி முடிக்கும் முன்னே போன் ஒருமுறை சிணுங்கியது. வினாத்தாள் கணினியைத் திறக்கும் எண் திரையில் பளிச்சிட்டது. எல்லாம் தெரிந்தும், தங்கை எதிரிலேயே உட்கார்ந்திருந்தும், அக்காவின் உதடுகள் முதல் இலக்கத்துக்காகப் பிரிந்தன. கிளிக்கம்மா சட்டென்று திரையை உள்ளங்கையால் பொத்தினாள்.

"யாரு நீ?" என்றாள்.

ஒரே குரல் அடுத்தடுத்து ஒலித்ததில் அக்கா மிரண்டு போனாள். மறுமுனை கிளிக்கம்மாவுக்குப் பதில் சொல்லவில்லை. அது அக்காவிடம்தான் பேசியது. கோபமே இல்லை. ரகசியம் சொல்வதுபோல மெல்லச் சொன்னது.

"அக்கா, அவ பேச்சைக் கேக்காத. உன் பேரைத் திரையில போட்டுச் சிரிச்சவ அவதான்."

அக்கா போனைப் பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள். அந்தப் பார்வை தன்னை எடை போடுவது கிளிக்கம்மாவுக்குத் தெரிந்தது. அக்காவின் விரல் போய் அழைப்பைத் துண்டிக்க அவ்வளவு நேரம் ஆகியிருக்க வேண்டாம்.

மீதி வேலைகள் மளமளவென்று நடந்தன. அக்காவின் கணக்கை முடக்கினார்கள். கடவுச்சொற்களை மாற்றி, வீடியோக்களை இணையப் பக்கத்திலிருந்து நீக்கினார்கள். வினாத்தாள் எதுவும் வெளியே போகவில்லை. எண் யாருடையது என்று காவல்துறையால் கண்டுபிடிக்க முடியவில்லை. விஷயம் கசிந்ததும், கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். தனக்கும் மகன் குரலில் அழைப்பு வந்தது என்றார். நூலகரும் வந்தார். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டதற்கு நூலகர் தரையைப் பார்த்தார்.

"சொன்னா நீங்க திரையில போடுவீங்களேம்மா."

அடுத்த கூட்டத்தில் திரையில் பெயர்கள் இல்லை. கிளிக்கம்மா மேடையேறி, தன் வீட்டில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அக்காவிடம் அனுமதி கேட்டுத்தான் சொன்னாள். ஏமாந்தாலும் பரவாயில்லை, உடனே வந்து சொல்லுங்கள், பெயர் வெளியே வராது என்றாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவள் ஒலிவாங்கியில் பேசப்பேச முன்வரிசையில் இருந்த அக்கா மட்டும் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

மன்னிப்புக் கேட்க அவள் அக்கா வீட்டுக்கே போனாள். தட்டுத்தடுமாறி, வார்த்தை கோவையாக வராமல், ஒருவழியாகச் சொல்லி முடித்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"இதைத்தான் ஏற்கெனவே சொல்லிட்டியே."

"அது நான் இல்லக்கா."

"தெரியும்டி." அக்கா கண்ணைத் திறந்தாள். "அது நல்லா சொல்லுச்சு."

அதன்பின் தங்கையின் அழைப்புகளை அக்கா போனில் எடுப்பதில்லை. பேச வேண்டுமானால் நேரில் வா என்று சொல்லிவிட்டாள். கிளிக்கம்மாவும் வேலை முடிந்ததும் நடந்தே போவாள். கதவைத் தட்டினால் உள்ளே செருப்புச் சத்தம் கிட்டே வந்து நிற்கும். யாரு என்று அக்கா கேட்பாள். ஆரம்பத்தில் கிளிக்கம்மா பதில் சொல்லிப் பார்த்தாள். கதவு திறக்கவில்லை. அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. இப்போதெல்லாம் அவள் வாயைத் திறப்பதில்லை. கதவில் இருக்கும் சின்னக் கண்ணாடித் துளைக்கு எதிரே முகத்தை வெளிச்சத்தில் காட்டிக்கொண்டு, தாழ்ப்பாள் விலகும்வரை அசையாமல் நிற்கிறாள்.