டிரைவிங் அக்காவின் பேச்சு கேட்ட இடங்கள்

இப்போதெல்லாம் எவனுக்கும் எதிலும் ஆச்சரியம் கிடையாது. நம் மாதா கோயில் பங்கில் ஒரு பெண்பிள்ளை மைக்கைப் பிடித்துப் பேசினால் எதிரே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ஒரு சொல்லும் கேட்காது; அதே நேரத்தில் ஊரின் இன்னொரு மூலையில் அந்தப் பேச்சு முழுசாகக் கேட்கும். இதைச் சொன்னால் மனுஷன் வாயைப் பிளக்க வேண்டாமா? "அப்படியா, இந்த மாசம் எந்த மூலை?" என்று கேட்டுவிட்டுக் கைப்பேசியைத் தடவப் போய்விடுகிறார்கள். துருவிக் கேட்கிற புத்தியே செத்துப்போயிற்று. கேள்வி கேட்காமல் நம்புகிறவனுக்கும் கேள்வி கேட்காமல் சிரிக்கிறவனுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. அந்தப் பங்குக்கு மைக்செட்டு போடுகிறவன், அவ்வளவுதான்.

மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் பெண்கள் கோயில் மண்டபத்தில் கூடுவார்கள். ஒருத்தி எழுந்து, கடவுள் தன் வாழ்க்கையில் என்ன செய்தார் என்று பேச வேண்டும். ஒன்றும் செய்யவில்லை என்று தோன்றினால் அதையும் பேசலாம். இந்த ஏற்பாட்டை ஆரம்பித்தவர் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றும் அதட்டுவதிலிருந்து ஓய்வு பெறாதவர். பேசி முடித்ததும் அதே பெண்கள் பிரிந்து ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், சிறைக்குப் போவார்கள், படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு நற்கருணை அப்பம் கொண்டுபோவார்கள். ஆரம்பத்தில் ஆண்கள் வாசலில் நின்று சிரித்தார்கள். பிறகு உள்ளே வந்து சிரித்தார்கள். பிறகு நாற்காலி போதவில்லை என்று சண்டை போட்டார்கள். இதெல்லாம் சாதாரண விஷயம்.

டிரைவிங் அக்காவின் முறை வந்தபோதுதான் கோளாறு. அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தார்கள். சந்தைச் சத்தத்தில் நாலு வண்டி தள்ளி நிற்கிறவனுக்கும் கேட்கும் தொண்டை. அப்படிப்பட்டவர் மைக் முன்னால் வந்து நின்று வாயைத் திறந்தார், பிசிறுகூட வரவில்லை. நான் மைக்கைத் தட்டினேன், மண்டபமே அதிர்ந்தது. வேறு மைக் கொடுத்தேன். மைக்கே வேண்டாம், சும்மா பேசுங்கள் என்று சைகை காட்டினேன். உதடு அசைகிறது, கை கியரைப் போடுகிறது, கால் கிளச்சை மிதிக்கிறது, சத்தம் மட்டும் இல்லை. பேசி முடித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கியதும் குரல் பழையபடி வந்துவிட்டது.

"என்னண்ணே, வயர் போயிடுச்சா?"

"வயர் நல்லாத்தாம்மா இருக்கு. நீங்கதான் எங்கேயோ போயிட்டீங்க."

போன இடம் மறுநாள் தெரிந்தது. ஆஸ்பத்திரி லிஃப்ட் மாடிக்கு நடுவில் நின்றுபோயிருக்கிறது. உள்ளே ஒரு மனிதர், மனைவியை ஆபரேஷன் தியேட்டருக்குள் அனுப்பிவிட்டு வந்தவர். லிஃப்டின் கூரையிலிருந்து ஒரு பெண்குரல், "ஜெபம்னா ரிவர்ஸ் கியர் மாதிரி. திரும்பிப் பார்க்காமப் போடக்கூடாது. பார்த்துட்டுப் போட்டா, பயமில்லாமப் போகலாம்" என்று சொல்லியிருக்கிறது. அவர் சிரித்திருக்கிறார், அழுதிருக்கிறார், லிஃப்ட் நகர்ந்தபோது இன்னும் கொஞ்சம் நின்றிருக்கக் கூடாதா என்று நினைத்திருக்கிறார். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் ஓர் இடம். சிறைச் சமையலறையில் அண்டாவுக்குள்ளிருந்து கேட்டது. முடிவெட்டும் கடையில் கேட்டு, பாதி முடியோடு ஒருவன் எழுந்து பிரிந்துபோன மனைவியைப் பார்க்கப் போய்விட்டான்; மீதியை அவளே வெட்டிவிட்டதாகக் கேள்வி. வங்கிப் பெட்டகத்துக்குள் கேட்டபோது, தெளிவாகக் கேட்பதற்காக மேலாளர் பெட்டகத்தைத் திறந்துவைத்தார், அதற்கு மேலிடத்தில் விளக்கமும் எழுதிக்கொடுத்தார். வருஷங்கள் போயின. பங்குச்சாமியார்கள் மாறினார்கள். வருகிற சாமியார்கள் எல்லாரும் முதல் மாதம் என்னைச் சந்தேகப்பட்டார்கள், இரண்டாம் மாதம் அக்காவைச் சந்தேகப்பட்டார்கள், அப்புறம் பழகிக்கொண்டார்கள். எதிரே உட்கார்ந்த பெண்களும் ஒன்றும் கேட்காத அந்த நேரத்தைக் கண்ணை மூடி ஜெபிக்க வைத்துக்கொண்டார்கள். மண்டபத்தில் அவ்வளவு நல்ல அமைதி வேறு யார் பேசினாலும் கிடைக்காது என்று கணக்கு டீச்சர் சொல்வார். அதில் குத்தலும் உண்டு.

அக்காவுக்கு மட்டும் இதில் திருப்தி இல்லை. ஊரெல்லாம் போன குரல், போக வேண்டிய ஓர் இடத்துக்குப் போகவில்லை. அது அவருடைய அண்ணன் கடை. அண்ணன் கண்ணாடி வெட்டுகிறவர். வைர ஊசியால் ஒரு கோடு இழுத்து, விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் கண்ணாடி சொன்ன இடத்தில் பிரியும். அவருக்கு ஒரே மகன். பையனுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தது அத்தைதான். லைசென்ஸ் வாங்கிய கொஞ்ச நாளில் பையன் காரில் போகும்போது ஒரு நாற்சந்தியில் லாரி மோதிச் செத்தான். தப்பு பையன்மேல் என்று லாரிக்காரன் சொன்னான், சாட்சி யாரும் இல்லை. அடக்கத்துக்கு வந்த தங்கையைப் பார்த்து அண்ணன், "உன் கையில குடுத்தேனே" என்று ஒரே வார்த்தை சொன்னார். அப்புறம் பேச்சில்லை. கோயில் பக்கம் எட்டிப்பார்க்கவும் இல்லை. தங்கை போய் நின்றால் கண்ணாடி அறுக்கிற மிஷினைப் போட்டுவிடுவார். கடிதம் எழுதினால் பிரிக்காமல் திருப்பிவிடுவார். அந்த நாற்சந்தி விபத்து நடந்த பிறகுதான் அக்கா மண்டபத்தில் பேசவே வந்தார் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அவர் பேசியது எல்லாம் ஒருவருக்காகத்தான், கேட்டது எல்லாம் வேறு யாரோ.

ஒருநாள் கண்ணாடிக் கடை வாசலில் 'விற்பனைக்கு' என்று அட்டை தொங்கியது. அண்ணன் ஊரைவிட்டே போகப்போகிறார். பெண்கள் கூடிப் பேசினார்கள். கடை வாசலிலேயே மைக்கைக் கட்டி அக்காவைப் பேசவைப்பது என்று கணக்கு டீச்சர் முடிவு செய்தார். அக்கா நிற்கிற இடத்தில் அக்கா குரல் கேட்காது என்பது ஊருக்கே தெரியும். நான் அதைத்தான் சொன்னேன்.

"தெரியும் அண்ணே, எங்களுக்கும் புத்தி இருக்கு" என்றார் டீச்சர். "காதுல விழாட்டி என்ன, கண்ணால பார்க்கட்டும். கூடப்பிறந்தவர்தானே, தங்கச்சி வாயசைவைப் பார்த்தே என்ன சொல்றாள்னு புரிஞ்சுக்குவார்."

"அப்போ மைக்கு எதுக்கும்மா?"

"மைக் இல்லாமப் பேசினா அவ கை கியரைப் போடப் போயிடுது. பிடிச்சுக்க ஒண்ணு வேணும். நீங்க செட்டைக் குடுங்க, நாங்களே போட்டுக்கறோம்."

வாடகைக்குச் சாமான் கொடுப்பது என் தொழில், கொடுத்தேன். எந்த சுவிட்சைத் தொடக்கூடாது என்று சொல்லியும் கொடுத்தேன். அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் பெண்கள் எல்லாரும் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விட்டார்கள். காலி மண்டபத்தில் நான் மட்டும். சுவரில் மாட்டியிருந்த என் பழைய குழாய் ஸ்பீக்கர்களை இறக்கி, வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். இதை அழுத்திச் சொல்கிறேன்: அப்போது அந்த மண்டபத்தில் சத்தம் வருவதற்கு ஒரு வழியும் இல்லை.

கண்ணாடிக்காரர் உள்ளே வந்தார். சட்டையெல்லாம் கண்ணாடித் தூள் மினுங்கியது. சுற்றிப் பார்த்தார்.

"பொம்பளைங்க எல்லாம் உன் கடை வாசல்ல இருக்காங்க" என்றேன்.

"தெரியும். ஷட்டரை இறக்கிட்டுப் பின்வழியா வந்துட்டேன். அவ இல்லாத இடம் இன்னிக்கு இது ஒண்ணுதான்."

கடைசி வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் மேடைப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்குதா? கேக்காதுன்னு தெரியும். இருந்தாலும் கேட்டுடறேன். அண்ணே, நீ ஷட்டரை இறக்கிட்டே. பரவாயில்ல, ஷட்டரைப் பார்த்தே சொல்றேன். உன் பையன் கடைசி நாள் என்கிட்ட ஓட்டினப்போ மஞ்சள் விளக்குல நின்னுட்டான். பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிச்சு உயிரை எடுக்கறான். 'போடா, போயிடலாம்'னு நானே சொன்னேன். 'இல்ல அத்தை, யாராவது குறுக்கே ஓடி வருவாங்க'ன்னான். அப்படி ஓட்டினவன் அவன். அவன் தப்பு பண்ணிட்டான்னு நீ நினைச்சிட்டிருந்தா, தயவுசெஞ்சு நினைக்காதே. நான் சரியாச் சொல்லித் தரலைன்னு நினைச்சா, அதை வேணும்னா வச்சுக்கோ. அதை நான் தாங்கிக்கறேன்."

கண்ணாடிக்காரர் எழுந்தார். வாசல்வரை போனார். போனவர் அங்கேயே நின்றார்.

"அவனை அடக்கம் பண்ணின அன்னிக்கு நான் கோயிலுக்கு வந்தேன். மாதா முன்னாடி நின்னுட்டு, 'உன் பையன் மூணாம் நாள் எழுந்தான், என் மருமகன் எந்த நாள் எழுந்திரிப்பான், சொல்லு'ன்னு கத்தினேன். பதில் வரல. ஆனா வெளியே போன்னும் சொல்லல. நான் கத்தி முடிக்கிறவரைக்கும் அவங்க அங்கேயேதான் நின்னாங்க. எனக்குத் தெரிஞ்ச விசுவாசம் அவ்வளவுதான் அண்ணே. நாம கத்தும்போது எழுந்து போகாத ஒருத்தர் இருக்கார். உனக்கும் கத்தணும்னா, வா. நானும் எழுந்து போக மாட்டேன்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "மஞ்சள்லயே நின்னானாமே" என்றார். முகத்தைத் துடைக்காதே, கையில் தூள் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் போய்விட்டார்.

மீதியைக் கணக்கு டீச்சர் சொன்னதிலிருந்து எழுதுகிறேன். அக்கா ஷட்டரைப் பார்த்துக்கொண்டு வாயசைத்தபடி நின்றிருக்கிறார். பெண்கள் வெயிலில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். போகிற வருகிறவர்கள், ஊமை நாடகம் நடக்கிறது என்று நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். அப்போது ஷட்டர் உள்ளேயிருந்து மேலே ஏறியது.

"ஏன் வெயில்ல நிக்கறே? உள்ள வா. தரையெல்லாம் தூள் கிடக்கு, பார்த்துக் கால் வை."

"கேட்டுச்சா அண்ணே?" இது எல்லார் காதிலும் விழுந்தது.

"கேட்டுச்சு, கேட்டுச்சு. ஏன் இப்படிக் கத்தித் தொலைக்கறே? மண்டபமே இடிஞ்சிருக்கும்."

அன்று மாலைக்குள் அட்டை இறங்கிவிட்டது. அண்ணன் தங்கையிடம் கத்தவும் செய்தார், நிறையவே கத்தினார், பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப்பார்க்கிற அளவுக்கு. அக்கா சொன்னபடி எழுந்து போகவில்லை. அடுத்த ஞாயிறு அண்ணன் பூசைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கையைக் கட்டிக்கொண்டு, கடன்காரனைப் பார்ப்பதுபோல் பீடத்தைப் பார்த்தார். ஆனாலும் வந்தார்.

அது முதல் அதுவே வழக்கமாகிவிட்டது. மாதா மாதம் சாமியார் பூசை முடிவில் அறிவிப்பு வாசிப்பார்: இந்த ஞாயிறு டிரைவிங் அக்கா கண்ணாடிக் கடையில் பேசுவார், கேட்க விரும்புகிறவர்கள் மண்டபத்துக்கு வரவும். அண்ணன் கடையில் தங்கைக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் வைத்துவிட்டு, தான் கேட்பதற்காக மண்டபத்துக்கு நடந்து வருவார். வெளியூர்களிலிருந்து வேனில் வருகிறார்கள். ஒருமுறை பிஷப்பே வந்து, காலி மேடையைப் பார்த்தபடி கடைசிவரை உட்கார்ந்து கேட்டுவிட்டு, நல்ல பேச்சு, அடுத்த தடவை கொஞ்சம் நிதானமாகப் பேசச் சொல்லுங்கள் என்று சொல்லிப் போனார். பெண்கள் இப்போது இன்னும் இரண்டு பேரைப் பேசப் பழக்குகிறார்கள். அவர்கள் குரல் எங்கே போகும் என்று யாரும் கவலைப்படவில்லை. போகிற இடத்துக்குப் போகும் என்கிறார்கள்.

எனக்கு இது ஒத்துவரவில்லை. கம்பி இல்லாமல் சத்தம் வராது. அந்த மண்டபத்துச் சுவருக்குள் எங்கேயோ பழைய வயர் ஒன்று புதைந்து கிடக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் சுவரெல்லாம் தட்டிப் பார்த்தேன், கிடைக்கவில்லை; கிடைக்காததால் இல்லை என்று ஆகிவிடாது. போன ஞாயிறு, என் செட்டுக்கு இனி அங்கே வேலை இல்லை என்று கடைசிக் குழாய் ஸ்பீக்கரையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "இன்னுமாண்ணே நம்பல?" என்று கண்ணாடிக்காரர் கேட்டார். "நீ உன் கண்ணாடியைப் பார்" என்றேன். உள்ளே பேச்சு ஆரம்பித்திருந்தது. நான் தெருவில் இறங்கித் திருப்பத்தைத் தாண்டப் போனபோது, என் அக்குளில் இருந்த, வயரே இல்லாத அந்தக் குழாய், "ஓரமா வாங்கண்ணே, வண்டி வருது" என்றது. ஒதுங்கினேன். லாரி ஒன்று உரசிக்கொண்டு போயிற்று. பக்கத்து வீட்டில் எங்கேயோ ரேடியோ வைத்திருக்கிறார்கள். குழாயைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினேன்.