ஐந்து மூங்கில் குச்சிகள்

மோட்டார் மெக்கானிக் காசிநாதன் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஸ்டார்ட்டருக்குள் வைத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு, "முந்நூத்தித் தொண்ணூறு வோல்ட்டு வருதும்மா" என்றார். மோட்டார் அப்போது ஓடவில்லை. சற்று முன் சாலையோரத்து மீட்டர் பெட்டியில் பார்த்தபோதும் அதே அளவுதான் இருந்தது. மின்சாரத்தில் குறையில்லை, மோட்டாரிலும் குறையிருக்காது. அப்படியானால் குறை யாரிடம்? கொட்டகை வாசலில் நின்றிருந்த இருசம்மாளைத் திரும்பிப் பார்த்தேன். எனக்கு வேண்டியிருந்த சாட்சியம் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

கள்ளக்குறிச்சியில் அலுவலகக் கண்காணிப்பாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பிறகு, கச்சிராயபாளையத்தில் என் தந்தை விட்டுச்சென்ற மூன்று ஏக்கரில் கரும்பு பயிரிட்டு வருகிறேன். இருசம்மாள் பதினோரு ஆண்டுகளாக எனக்கு நீர் பாய்ச்சுகிறவள். சொந்த நிலம் இல்லாதவள். இந்தக் கூலிதான் அவள் வீட்டு உலை. பங்குனி பிறந்ததிலிருந்து பாசனம் ஒழுங்காக நடைபெறவில்லை. பகலில் ஆறு மணி நேரம் மும்முனை மின்சாரம் இருந்தும், கிழக்குக் கடைசியில் எட்டுப் பார் கரும்புக்குத் தண்ணீர் எட்டவில்லை. தோகைகள் சுருண்டு வெளுத்துவிட்டன. நான் வரும்போதெல்லாம் மோட்டார் நின்றிருக்கும். இவள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். கேட்டால், "ஸ்டார்ட்டர் விழுந்துக்கினே இருக்குதும்மா" என்பாள்.

ஸ்டார்ட்டர் தானாக விழுந்து மோட்டாரை நிறுத்தாமலிருக்க உள்ளே ஒரு குச்சியைச் செருகிவைப்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் அறிந்த வித்தை. நானும் மூங்கிலைச் சீவி, விரல் நீளத்தில் ஒரே அளவாக ஐந்து குச்சிகள் நறுக்கினேன். காலையில் மெயினை அணைத்துவிட்டு ஒன்றைச் செருகிச் செல்வேன். மறுநாள் வந்தால் குச்சி இருக்காது. "விழுந்துடுச்சிம்மா" என்பாள் இருசம்மாள். ஐந்து நாளும் அதே பதில். சோம்பலைப் பொறுத்துக்கொள்ளலாம், பொய்யைப் பொறுத்துக்கொள்ள இயலாது என்று முடிவு செய்து, சனிக்கிழமையோடு நின்றுகொள்ளும்படி கூறிவிட்டேன். ஆயினும் ஆதாரமின்றி ஒருவரை விலக்குவது என் வழக்கமன்று. மோட்டாரில் பழுதில்லை என்று உறுதி செய்வதற்காகவே காசிநாதனை அழைத்திருந்தேன்.

"ஓட்டிப் பாத்துடுவோம்" என்று அவர் பச்சைப் பொத்தானை அழுத்தினார். மோட்டார் உறுமிக்கொண்டு எழுந்தது. மீட்டரை மீண்டும் வைத்தார். எண்கள் சரசரவென்று இறங்கி முந்நூற்று முப்பத்தைந்தில் நின்றன. பிறகு, வாய் திறந்து ஒயரைக் கவ்வும் மற்றொரு மீட்டரை மாட்டினார். "ஏழரை ஆம்பியர் இழுக்க வேண்டியது, ஒம்பதரை இழுக்குது. இதுக்கும் கரண்ட்டுப் பெட்டிக்கும் நடுவுல ஏதோ ஒண்ணு குந்திக்கினு தின்னுதும்மா."

"இப்போதுதானே முந்நூற்றுத் தொண்ணூறு என்றீர்கள்?"

"அது மோட்டார் நின்னுக்கினு இருந்தப்ப. கரண்ட்டே போகாதப்ப ஒயரு இன்னாத்த தின்னும்?"

எனக்கு விளங்கவில்லை. நின்றபோது இருந்த ஐம்பத்தைந்து வோல்ட் ஓடும்போது எங்கே போயிற்று? வாசலில் நின்றிருந்த இருசம்மாள், "வாய்க்கா நடுவுல தூந்துட்டாப்பலங்களா?" என்று காசிநாதனைக் கேட்டாள். "தண்ணி நிக்கிறப்ப ரெண்டு பக்கமும் ஒரே மட்டமாத்தான் இருக்கும். மடைய தெறந்து வுட்டாத்தான், தூந்த எடத்துக்கு அந்தாண்ட மட்டம் எறங்கும்."

காசிநாதன் பலமாகச் சிரித்தார். "அதேதான்! நான் ஒரு மணி நேரம் சொல்றத ஒரே வாயில சொல்லிட்டியே. பேசாம எங்கூட வேலைக்கு வந்துடு."

தூர்ந்த இடத்தைத் தேடி ஒயரைத் தொடர்ந்து நடந்தோம். வரப்பின் திருப்பத்தில், வேலிக்காலோடு கட்டியிருந்த இணைப்பு கறுத்து உருகியிருந்தது. அதற்கு அப்பால் தடித்த ஒயர் முடிந்து மெல்லிய ஒயர் தொடங்கியது. "எந்தப் புண்ணியவான் வேலைங்க இது? வூட்டு பல்புக்குப் போடுற ஒயர மோட்டாருக்கு முடி போட்டு வெச்சது?"

அந்தப் புண்ணியவதி நான்தான். முன்பு ஒயர் மீட்டர் பெட்டியிலிருந்து கிணற்றுக்கு நிலத்தின் குறுக்கே சென்றது. அந்தக் கோணல் என் கண்ணை நெடுநாள் உறுத்தியது. மாசியில், வரப்போடு நேராகச் சென்று செங்கோணத்தில் திரும்பும்படி மாற்றச் செய்தேன். நீளம் போதாமல், வீட்டில் மீந்திருந்த ஒயரைச் சேர்க்கச் சொன்னதும் நானே. பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது.

"வோல்ட்டு கம்மியானா மோட்டாரு வேலைய வுட்டுடாதும்மா, கரண்ட்ட ஜாஸ்தி இழுத்து முக்கி முக்கிச் செய்யும். சூடு ஏறும். அது எரியக் கூடாதுன்னுதான் ஸ்டார்ட்டரு விழுது. இந்த லட்சணத்துல குச்சி கிச்சி சொருகியிருந்தீங்கன்னா ரெண்டே நாளு, காயிலு கரிதான்."

நான் இருசம்மாளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"இருசு, குச்சி தானாக விழவில்லை, அல்லவா?"

"மெயின அணைச்சிட்டு நான்தாம்மா புடுங்கினேன். பொறங்கைய வெச்சிப் பாத்தா மோட்டாரு கொதிச்சிக்கினு இருந்துச்சி. சத்தமும் வேற மாரி. ஆற வுட்டு ஆற வுட்டுப் போட்டேன்."

"என்னிடம் ஏன் கூறவில்லை?"

"சொன்னா எழுத்துல குடுன்னு கேப்பீங்களே" என்றாள். காசிநாதன் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

வேலையே போகக்கூடும் என்று தெரிந்தும் அவள் குச்சியைப் பிடுங்கியிருக்கிறாள். நான் திட்டிவிட்டுப் போன பகல்களில், தனியாக அந்த வெயிலில், என் மோட்டாரின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். முப்பத்திரண்டு ஆண்டுகள் கோப்புகளில் நான் எழுதிய சொற்களில் எதுவும் அந்த நேரத்துக்கு உதவவில்லை. "நன்றி, இருசம்மா" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது.

"இன்னாம்மா, ஆபீஸ்ல சொல்றாப்பல சொல்றீங்க" என்று அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெதுவாக, "சனிக்கெழமைக்கு அப்புறம்...?" என்றாள்.

"ஞாயிறும் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். திங்களும்."

மறுநாள் காசிநாதன் மூன்று சவுக்குக் கம்பங்களை நட்டு, தடித்த ஒயரைக் கரும்புக்கு மேலாகப் பழையபடி குறுக்கே இழுத்துக் கட்டினார். நிலத்தை இரண்டாகக் கிழித்ததுபோல் அது கோணலாகத் தொங்கியது. மோட்டார் ஓடியது, ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், விழவில்லை. இருசம்மாள் செய்வதுபோல் நானும் புறங்கையை அதன்மேல் வைத்தேன். இளஞ்சூடாக இருந்தது.

தண்ணீரோடு சேர்ந்து வாய்க்கால் ஓரமாகக் கிழக்கே நடந்தோம். வாய்க்காலின் நடுவில், பத்தடி இருபதடி இடைவெளியில், ஒரு மூங்கில் குச்சி நட்டிருந்தது, அப்பால் இன்னொன்று. விரல் நீளம், ஒரே அளவு. "அன்னன்னிக்கி தண்ணி எது மட்டும் வந்துச்சின்னு அடையாளம் வெச்சேம்மா" என்றாள் இருசம்மாள், சற்றே வெட்கத்துடன். நான் எண்ணினேன். மூன்றாவதையும் நான்காவதையும் நனைத்துவிட்டுத் தண்ணீர், சருகுகளைத் தள்ளிக்கொண்டு, ஐந்தாவது குச்சியை வந்து தொட்டது. ஒரு கணம் அதைச் சுற்றி நின்றது. பின்பு குச்சி சாய்ந்து, மிதந்து, காய்ந்த எட்டுப் பார்களை நோக்கி எங்களுக்கு முன்னால் செல்லத் தொடங்கியது.