முதலில் வந்த பக்கம்

தீபாவளிச் சரக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தது. தி.நகர் ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில், பண்டல் பிரிக்கிற சத்தத்துக்கு நடுவே, மாணிக்கவாசகம் ஒரு வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ‘நான் எப்படிக் கற்றுக்கொள்கிறேன்?’ என்று ஆங்கிலத்தில் தலைப்பு மட்டும் எழுதியிருந்தார். அதற்குக் கீழே மூன்று நாளாக எதுவும் வரவில்லை.

முதலாளியின் மகன் ராகேஷ் கடை முழுவதையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டிருந்தான். இன்டர்நெட் வழியாக நடக்கும் ஒரு படிப்பில் ஆபீஸில் ஐந்து பேரைச் சேர்த்துவிட்டிருந்தான். பாடம் ஈமெயிலில் வரும், பதிலும் ஈமெயிலில் போக வேண்டும். முதல் பாடத்துக்கு இந்தத் தலைப்பில் ஒரு பக்கம் எழுத வேண்டும். “தேறாதவங்க கீழ சேல்ஸுக்குப் போயிட வேண்டியதுதான்” என்று சிரித்தபடி சொல்லியிருந்தான். சேல்ஸ் என்றால் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். மாணிக்கவாசகத்துக்கு நாற்பத்தெட்டு வயது. இடது முழங்கால் மாடி ஏறும்போதே வலிக்கும். இருபத்து மூன்று வருடமாக உட்கார்ந்து ஸ்டாக் ரிஜிஸ்டர் எழுதியவர்.

எப்படிக் கற்றுக்கொள்கிறாய் என்று அவரை யாரும் கேட்டதில்லை. யோசித்தால், வகுப்பில் பெஞ்சு மேல் நின்றதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

“இன்னா சார், இன்னும் எழுதலையா?” என்றாள் ஜெயபாரதி. ஆதம்பாக்கத்திலிருந்து வருகிற பெண். ஏழு மாதமாக ஸ்டாக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள், டெம்பரரி. படிப்பை முடித்தால் நிரந்தரம் செய்வதாக ராகேஷ் சொல்லியிருந்தான்.

“எழுதணும்மா. நீ?”

“முடிச்சிட்டேன். தப்பு இருக்கானு ஒரு தபா பாத்துட்டு நாளைக்கு அனுப்பிடுவேன்.”

அவள் சாப்பிடப் போனபோது, அவள் எழுதிய பக்கம் அவள் மேஜை மேல் இருந்தது. மாதிரிக்குப் பார்க்கலாம் என்றுதான் எடுத்தார். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாததால் காலண்டர் அட்டையில் கீபோர்டு எழுத்துகளை வரைந்து, அதன்மேல் விரல் வைத்துப் பழகியதாக எழுதியிருந்தாள். யாரும் பார்க்காத இடத்தில் தப்பு செய்தால்தான் தனக்குப் பாடம் ஏறும் என்று எழுதியிருந்தாள். அவர் இரண்டு முறை படித்தார். பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

பாண்டி பஜாரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஷாஹுல் ஹமீது தாளை வாங்கிப் பார்த்தான்.

“இதுல வேற பேரு கீதே சார்?”

“அதை மாத்திடுங்க. என் பேரு போட்டு அனுப்பணும்.”

ஷாஹுல் ஹமீது அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அடிக்கத் தொடங்கினான். மாணிக்கவாசகம் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். காதெல்லாம் சுட்டது. ஜெயபாரதி கை கழுவிவிட்டு வருவதற்குள் தாள் அவள் மேஜையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை ராகேஷ் இருவரையும் கூப்பிட்டான். ஒரே மாதிரி இரண்டு பக்கங்கள் மேஜையில் இருந்தன.

“அண்ணாச்சி, உங்களுது செவ்வாய்க்கிழமையே வந்திருக்கு. இந்தப் பொண்ணோடது புதன்கிழமை. படிப்பு நடத்தறவங்க போன் பண்ணிக் கேக்கறாங்க, எனக்கு அசிங்கமா இருக்கு.”

“அது நான் எழுதினது சார்” என்றாள் ஜெயபாரதி. “அந்த அட்டை இன்னும் வீட்ல கீது. கொண்டாந்து காட்டட்டுமா?”

“அட்டை யார் வேணா வரையலாம்மா.” ராகேஷ் அவர் பக்கம் திரும்பினான். “காலண்டர் அட்டைல வரைஞ்சா பழகினீங்க? இந்த வயசுல! சொல்லவே இல்லையே அண்ணாச்சி.”

ஜெயபாரதி அவரையே பார்த்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. அவர் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தாள். இல்லை தம்பி என்று சொல்லத்தான் நினைத்தார். முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டார்.

“ஆமா தம்பி” என்றார்.

சனிக்கிழமை அவளைக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். வேறு வேலை தேட அவளுக்கு ஒரு கடிதம் வேண்டியிருந்தது. “அண்ணாச்சியே அடிச்சுக் குடுக்கட்டும்” என்று ராகேஷ் சொல்லி அனுப்பினான். “அவர்தான் பழகிட்டாரே.”

அதுவரை அவள் உட்கார்ந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். கைப்பையைத் தோளில் மாட்டியபடி அவள் பக்கத்தில் நின்றாள். அவருடைய ஆள்காட்டி விரல் எழுத்துகளுக்கு மேலே அலைந்தது. அவள் பெயரின் முதல் எழுத்தே கண்ணில் படவில்லை. வியர்வை மூக்கு நுனியில் சேர்ந்தது. சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்ந்தது.

“நடு வரிசை சார்” என்றாள் அவள் கடைசியில். “வலது பக்கம்.”

அடித்தார். சின்ன எழுத்தாக விழுந்தது.

“ஷிப்டை அமுக்கிக்கினே அடிங்க. ஆங்... அப்படித்தான். இப்ப அடுத்தது.”

ஒவ்வோர் எழுத்துக்கும் அவள் இடம் காட்டினாள். அவருக்குப் புரிந்தது. நாலாவது வரியில் கேட்காமலே சில எழுத்துகளை அவரே கண்டுபிடித்தார். திரையைவிட்டுத் தலையைத் திருப்பவில்லை.

கடைசி வரி, ஜெயபாரதி தன் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறாள் என்பது. ‘விருப்பம்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்.

“தப்பா இருந்தா வேற எங்கயும் எடுத்துக்க மாட்டாங்க சார்” என்று சொல்லி, அவர் கைக்கு மேலாகக் குனிந்து, அவளே அதைத் திருத்தினாள்.