அந்த ஐந்து சென்டிமீட்டர்

1
இந்தக் கதை ஒரு சின்னத் திருட்டில் பிறந்தது. கட்டடக்கலைஞரான என் அக்காவின் மேசையில் கிடந்த நாற்காலி வரைபடத்தை, அவளைக் கேட்காமல் செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கட்டடக்கலைஞர்கள் வடிவமைக்கும் நாற்காலிகளில் மனித உடல் என்பது ஒரு..."

(விட்டுவிட்டேன். அந்த வாக்கியம் டை கட்டிக்கொண்டு வருகிறது. சொல்ல வந்தது இதுதான்: அக்கா இதற்கு முன் செய்த மூன்று நாற்காலிகளும் கொள்ளை அழகு. மூன்றிலும் யாரும் உட்காருவதில்லை.)

2
அத்தான் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். முப்பது வருடம் ஒரே சீட்டில் உட்கார்ந்தவர் என்பதால், நாற்காலி பற்றிய அவர் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. வீட்டில் அவர் உட்காருவது பிளாஸ்டிக் நாற்காலியில்தான்.

"உங்க அக்கா நாற்காலி செஞ்சா அதுக்கும் ஒரு ஜன்னல் வைப்பா, மாப்ள. காத்து வரும். உக்காரத்தான் முடியாது."

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து தானாக எழ அவரால் முடியவில்லை. யாராவது கை கொடுக்க வேண்டும். உயரமான நாற்காலி வாங்கச் சொன்னார் மருத்துவர்.

"ஆஸ்பத்திரி நாற்காலி என் வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்றுவிட்டார் அத்தான்.

பிறகு, எழ வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். காலையில் வைத்த சொம்பு சாயங்காலமும் நிறைந்தே இருந்ததை அக்காதான் கண்டுபிடித்தாள். போய் வரைபலகை முன் உட்கார்ந்தாள்.*

* இங்கே அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவள் அழவில்லை. பென்சில்தான் சீவினாள்.

3
"எல்லா நாற்காலி மாதிரியும் நாப்பத்தஞ்சு சென்டிமீட்டர் உயரம்தான். ஆஸ்பத்திரி வேலை எதுவும் இல்ல" என்று அத்தானிடம் அக்கா சொல்லியிருந்தாள். தச்சர் கொண்டுவந்து இறக்கியதும் பார்வைக்கே உயரமாக இருந்தது.

"நீங்க போட்ட கோட்டுக்குத்தான் அறுத்தேன், மேடம்" என்று வரைபடத்தை விரித்தார் தச்சர்.

எல்லோரும் குனிந்து பார்த்தோம். கட்டடத்துக்குத் தூண் வரைகிற பழக்கத்தில், நாற்காலிக் கால்களைத் தரை டைல்ஸையும் சிமெண்ட் கலவையையும் தாண்டி, அடியிலிருக்கும் கான்கிரீட் வரை இறக்கியிருந்தாள். டைல்ஸ் மேல் நிற்கிற நாற்காலிக்கு அந்த நீளம் அப்படியே உயரமாகிவிட்டது. உலகத்தில் வேறு எந்தத் தொழில்காரரும் செய்ய முடியாத தவறு.

"அய்யோ, ஆமா. அஞ்சு சென்டிமீட்டர் கூடிப்போச்சு" என்றாள் அக்கா. "அறுத்துடுங்க."

"இருய்யா" என்றார் அத்தான் தச்சரிடம். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "இவ்ளோ வருஷத்துல இவ ஒத்துக்கிட்ட முதல் தப்பு. இதப்போய் அறுப்பாங்களா? உக்காந்து பாக்குறேன்."

உட்கார்ந்தார். கைப்பிடியை ஊன்றித் தானாகவே எழுந்தார். யாரையும் பார்க்காமல் சமையலறைக்குப் போய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

4
கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். எனக்குத்தான் பாத்திரத்தின் மேல் சந்தேகம். ஒரு படிக்கட்டின் அளவுக்காக மூன்று பொறியாளர்களோடு மல்லுக்கு நின்றவள், தவறை இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வாளா? கேட்டேவிட்டேன்.

அக்கா வரைபடத்தைச் சுருட்டினாள். "கதையில தப்புன்னே எழுதுடா. அவர் நீ எழுதுறது எல்லாத்தையும் படிக்கிறார்."

அப்படியே எழுதினேன். மூன்றாம் பகுதி வரை அத்தானிடம் படிக்கக் கொடுத்தேன். புது நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, 'அஞ்சு' பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தது. மேலே 'ஏழு'.

"டேப் வச்சு அளந்தேன், மாப்ள. அம்பத்திரெண்டு இருக்கு. டைல்ஸும் கலவையும் சேர்ந்து அஞ்சுதான்னு தச்சர் சொல்றார். மிச்சம் ரெண்டு எங்கேருந்து வந்துச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வந்த அன்னைக்கே அளந்துட்டேன். உங்க அக்காகிட்ட சொல்லிடாத. தப்பு பண்ணிட்டோம்னு அவ நடிக்கிறது நல்லா இருக்கு."

5
ஆக, இருவரிடமும் வாக்குக் கொடுத்தவன் நான். 'ஐந்து' என்று அச்சிட்டால் அத்தான் சிரிப்பார்; 'ஏழு' என்றால் அவர் அளந்தது அக்காவுக்குத் தெரிந்துவிடும். 'ஐந்து'க்குத்தான் எனக்குத் தைரியம் வந்தது; அந்த வீட்டுக்குப் போகும் பிரதி மூன்றாம் பகுதியோடு முடியும். நீங்கள் வேண்டுமானால் மூன்றாம் பகுதிக்குப் போய், 'அஞ்சு'வை அடித்து எந்த எண் வேண்டுமோ போட்டுக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக்குப் போக நேர்ந்தால் மட்டும், தயவுசெய்து, இருவருக்கும் கேட்கும்படி அந்தத் தவறைச் சொல்லிச் சிரியுங்கள்.